தகரக் கொட்டகையில் திருவிருந்து

இன்று திருப்பதியில், என் வீட்டு அடுப்பில் கறுப்புத் திராட்சை கொதித்து எழுந்த புளிப்பு வாசம், வரதய்யபாளையத்தில் சாலைக்காக இடித்துவிட்ட எங்கள் தகரக் கொட்டகைக் கோயிலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது. மாதத்தின் முதல் ஞாயிறு, ஏசுவின் நினைவாக ரொட்டியும் சாறும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்துக்கு அம்மா திராட்சைச் சாறு காய்ச்சி வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள், தெலுங்கு வீட்டார் ரொட்டி கொண்டுவருவார்கள், வெயிலில் தகரம் படபடக்க அதற்கும் மேலே குரலெடுத்து ஒரே பாட்டைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றாகப் பாடுவோம்.

ஆராதனை எந்த மொழியில் என்று சண்டை வந்த வருடம் அந்தப் பாட்டு நின்றுபோனது. நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவும் தெலுங்கு மூப்பர் ஏசுரத்னமும் கோயில் வாசலிலேயே கைகலந்தார்கள். அடுத்த திருவிருந்தில் போதகர் ரொட்டியைப் பிட்டு அழைத்தபோது, பகையோடு அதை வாங்கக்கூடாது என்று ஒருவரும் எழவில்லை. கடைசியில் ஏசுரத்னம் எழுந்து நேரே நைனாவிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ரா அண்ணா, வா. நீ வராம நான் எப்படி வாங்குவேன்?" என்றார் அவர்.

நைனா நிமிரவில்லை. "உன்மேல கை வெச்சவன் நான். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?"

"நானும்தானே வெச்சேன்," என்று அவர் கையை நீட்டினார்.

நைனா அதைப் பிடித்து எழுந்தார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலிட்டார்கள்.

மொழிச் சண்டை தீரவில்லை. அடுத்த வாரமும் குரல்கள் உயர்ந்தன. ஆனால் அதற்குப் பிறகு அந்த இருவரில் ஒருவர் வந்து சேரும்வரை மற்றவர் ரொட்டியைத் தொட்டதேயில்லை.