நீலன் மேடும் கோழிப் பாதையும்

ரேலீன் ஷுல்ஸை நான் முதன்முதலில் பார்த்தபோது அவருடைய இரண்டு கால்கள் மட்டும்தான் கண்ணில் பட்டன. மீதி உடம்பு டோரிஸுக்கு அடியில் கிடந்தது. டோரிஸ் என்பது வண்டி. நாற்பது வயது, ஒரு காலத்தில் வெள்ளை நிறம். ஹாலம்ஸ் வெல் என்ற சிற்றூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வாடகை வீட்டுக்கு வழி கேட்கப் போயிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பானரை எடு" என்று வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. எடுத்து நீட்டினேன். "இது பன்னெண்டு" என்றது குரல். அன்றிலிருந்து பழக்கம்.

வாரத்தில் ஐந்து நாள் ரேலீன் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் பதினோரு பேர். காலையில் எண்பது கிலோமீட்டர் மண் ரோடு, மாலையில் எண்பது. வழியில் ஒரு கங்காரு குறுக்கே வந்தாலும் நிறுத்தி, அது யோசித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் நகர்வார். அப்படிப்பட்ட மனுஷிக்குச் சனிக்கிழமை விடிந்தால் சாமி வந்துவிடும். டோரிஸில் தண்ணீர்க் கேன், மண்வெட்டி, இழுவைக் கயிறு, இரண்டு சுருட்டுப் படுக்கை, பீட்ரூட் டின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மணல் இருக்கும் திசையில் கிளம்பிவிடுவார்.

கூடவே கணவர் டேரிலும் போயாக வேண்டும். டேரில் கால்நடைச் சந்தையில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் மனைவியோடு தரையில் சுருண்டு படுத்ததில் முதுகு அவருடையதாகவே இல்லை என்பார். அவருக்கு ஒரே ஆசை, ஒரு கேரவன். சினிமாக்காரர்கள் உட்காருவது மாதிரி ஆடம்பரமெல்லாம் வேண்டாம். மெத்தை, குளிர்பெட்டி, ஒரு கதவு போதும். அதை மெள்ள இழுத்துப் போய்த் தார் ரோட்டு ஓரத்தில், நிழலில், குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினால் சொர்க்கம். டோரிஸை விற்றால்தான் கேரவன். பெட்ரோல் பங்கில் யாராவது "உங்க வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டால், "அது அவ வண்டி. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று சட்டென்று சொல்லிவிடுவார்.

மே மாதம், மணலில் வண்டி ஓட்டுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்பின் விருந்தில், எல்லார் கையிலும் ரொட்டிக்குள் சாசேஜ் இருந்த நேரத்தில், இருவருக்கும் ஒப்பந்தம் ஆனது.

"ஜூன் நீண்ட லீவுக்கு நீலன் மேட்டுக்குப் போறோம்ல? இந்தத் தடவையும் டோரிஸ் ஏறலேன்னா வித்துடணும்" என்றார் டேரில்.

"ஏறிட்டா?"

"ஏறிட்டா கேரவன் பேச்சை நான் எடுக்கல."

ரேலீன் தக்காளிச் சாஸ் கையாலேயே கையடித்துக் கொடுத்தார். கிளப் தலைவர் புரூனோ சாட்சி.

நீலன் மேடு செக்கச்செவேலென்று இருக்கும் மணல்மேடு. செம்பட்டைத் தலைக்காரனை 'நீலா' என்று கூப்பிடுகிற ஊரில் சிவப்பு மேட்டுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பன்னிரண்டு ஆள் உயரம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மாவு மாதிரி மணல். அதுதான் வண்டியை விழுங்கும். கிளப்பில் ஆளுக்கு மூன்று முட்டு, அதாவது ஏறிப் பார்க்க மூன்று வாய்ப்பு. மூன்றிலும் ஏறாவிட்டால் மேட்டைச் சுற்றிப் போகும் சமதளப் பாதையில் போக வேண்டும். அதற்குக் கோழிப் பாதை என்று பெயர். அந்த ஊரில் கோழி என்றால் பயந்தாங்கொள்ளி. கோழிப் பாதையில் போகிறவர், பாதை முடியும்வரை, வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு கொக்கரிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் இருந்தது. அது பிறகு வரும்.

சனிக்கிழமை நண்பகலில் நாலு வண்டியும் மேட்டடிக்கு வந்து சேர்ந்தன. எல்லோரும் குனிந்து டயர்களில் காற்றை இறக்கினார்கள். நாலு வண்டிக்குப் பதினாறு 'புஸ்'. மணலில் டயர் சப்பையாக இருந்தால்தான் பிடிக்கும். பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க, புரூனோ முதல் முட்டிலேயே ஏறினார்; இன்னொரு வண்டியும் அப்படியே. அடுத்து நர்ஸ் ஷான்டெல், புத்தம் புது வண்டியில், பொத்தானாக அழுத்தி அழுத்தி மூன்று முட்டும் தோற்றார்.

"ஷான்டெல் கண்ணு, உன் வண்டியில கொக்கரிக்கவும் பொத்தான் இருக்கா, இல்ல நீயேதான் செய்யணுமா?" என்று ரேடியோவில் கேட்டார் ரேலீன்.

"இருங்க ஷுல்ஸம்மா, நீங்களும் வந்து சேருவீங்க. பக்கத்துல இடம் போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஷான்டெல் கொக்கரித்தபடியே சுற்றுப்பாதையில் போனார்.

சிரித்த சிரிப்பில் ரேலீனுக்குக் கண்ணில் தண்ணீர். அதே வேகத்தில் வண்டியில் தாவி ஏறி, முதல் முட்டு முட்டினார். டோரிஸ் உறுமியது, மணலை வாரி இறைத்தது, முக்கால் மேடு ஏறியது, பிறகு சண்டி மாடு படுப்பது போலப் படுத்துவிட்டது. பின்வாக்கில் இறக்கினார். மேட்டு உச்சியில் டேரில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கேரவன் படப்புத்தகம்.

இரண்டாவது முட்டுக்கு நூறு அடி பின்னால் போய் ஓடி வந்தார். தொப்பி பறந்தது. பின்பக்கம் பீட்ரூட் டின் ஒன்று எகிறித் திறந்துகொண்டு கண்ணாடியெல்லாம் கத்தரிப்பூ நிறச் சாறு. "ஏறுடி என் தங்கம்! ஏறுடி கிழட்டு மூதேவி!" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கத்தினார். உச்சிக்கு இரண்டு வண்டி நீளம் இருக்கும்போது டோரிஸ் மறுபடி படுத்தது.

ரேடியோவில் மூன்று பேர் மெல்லக் கொக்கரித்துப் பார்த்தார்கள், ஒத்திகைக்கு.

ரேலீன் வண்டியைக் கீழே இறக்கி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். இன்னும் ஒரே ஒரு முட்டு. அதுவும் போனால் அடுத்த சனிக்கிழமை தார் ரோட்டு ஓரம், குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி.

நிமிர்ந்து பார்த்தால் டேரில் மேட்டிலிருந்து சறுக்கி இறங்கி வந்துகொண்டிருந்தார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டார். 'டக்.' எழுந்து மறுபக்கம் போனார். 'டக்.'

ரேலீனுக்கு முகம் பீட்ரூட் ஆனது. பழைய வண்டியில் முன் சக்கரங்களின் நடுவில் ஒரு திருகு இருக்கும். இறங்கிப் போய்க் கையால் அதைத் திருகிப் பூட்டினால்தான் முன் சக்கரத்துக்கு இழுவை போகும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கெட்டி ரோடு வந்ததென்று தளர்த்தியவர், மேட்டடியில் ஷான்டெலைக் கிண்டலடித்த குஷியில் திரும்பப் பூட்ட மறந்திருந்தார். முப்பது வருடமாகத் திருகிய கை!

"நான் பூட்டலையா?"

"பூட்டல."

"எப்பய்யா பார்த்தே?"

"முதல் முட்டுலயே. பின்னாடி மணல் பறக்குது, முன் சக்கரம் ரெண்டும் கல்யாண வீட்டு விருந்தாளி மாதிரி சும்மா கூட வருது."

"அடப்பாவி! அப்பவே சொல்றதுக்கென்ன?"

"மெத்தை ஞாபகம் வந்துச்சு."

"இப்ப மட்டும் ஏன் சொல்றே?"

டேரில் முகத்தில் மொய்த்த ஈயை விரட்டினார். "ரெண்டே சக்கரத்துல அவ்வளவு தூரம் ஏத்திட்டே. இந்த மாவட்டத்துல எவனும் செஞ்சதில்ல. அதைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டிருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும், ரேலீன்."

மூன்றாவது முட்டுக்கு ஓட்டம்கூடத் தேவைப்படவில்லை. டோரிஸ் நாலு காலையும் ஊன்றி, மாவு மணலை மென்று துப்பிக்கொண்டு ஏறியது. உச்சியில் நாலு சக்கரமும் ஒரு கணம் தரையை விட்டன. அந்தக் கணத்தில் ரேலீனுக்குக் கீழே சிவப்பு, மேலே நீலம், நடுவே தன் கத்தல். வேறு எதுவும் இல்லை. மறுபக்கம் இறங்கி நின்றதும் வண்டிக் கூரையில் ஏறி ஆடினார். கூரை இரண்டு இடத்தில் குழி விழுந்தது.

புரூனோதான் தொண்டையைக் கனைத்தார். "ஒரு சின்ன விஷயம். கிளப் சட்டம் ஏழு. மூணு முட்டுக்கு நடுவுல வெளியாள் கை வண்டியில படக்கூடாது. பட்டா செல்லாது. வண்டிக்குச் சொந்தக்காரங்க மட்டும்தான் தொடலாம்."

நாற்காலியையும் படப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மேடேறி வந்து சேர்ந்த டேரிலை எல்லோரும் பார்த்தார்கள்.

"அவரு என்ன சொந்தக்காரரா?" என்றார் சுற்றி வந்து சேர்ந்திருந்த ஷான்டெல். "எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு பெட்ரோல் பங்க்ல என்கிட்டயே சொன்னாரே!"

ரேலீன் கூரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய்க்குள் மண், துப்பவும் தோன்றவில்லை. இனி எல்லாம் டேரில் வாயில். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாலே போதும், மெத்தை வந்துவிடும். டேரில் கையிலிருந்த படப்புத்தகத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே கைவிட்டு ரேடியோவை எடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. டோரிஸ்ல பாதி என்னுது."

"எந்தப் பாதி?" என்று மேலிருந்து கேட்டார் ரேலீன்.

"ரிப்பேர் ஆகாத பாதி."

"அப்படி ஒரு பாதி அதுல கிடையாதேய்யா!"

புரூனோ சிரித்த சிரிப்பில் பொய்ப்பல் நழுவியது. அதைச் சரிசெய்துகொண்டு, "செல்லும்!" என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் ஒரு முட்டு முழுக்க விஷயத்தை மறைத்த பங்குதாரருக்குத் தண்டனை வேண்டுமென்று ஷான்டெல் விடவில்லை. டேரில் டோரிஸை எடுத்துக்கொண்டு கோழிப் பாதையில் ஒரு சுற்றுக் கொக்கரித்துவிட்டு வந்தார். முட்டையிட்ட கோழிகூட அப்படி மகிழ்ந்து கொக்கரிக்காது. பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருந்த பண்ணைக்காரர் ரேடியோவில் வந்து, "யாருப்பா அது, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரித்தார்.

இது நடந்து இரண்டு வருடம். ரேலீனுக்கு இப்போது அறுபத்து மூன்று. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். இந்த வருடம் பிள்ளைகள் ஒன்பது பேர். டோரிஸின் பதிவுச் சீட்டில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. கேரவன் வாங்கவில்லை.