குரல் வரும் இடத்தில் புல்லாங்குழல்

படம் முடிந்து எழுத்து ஓடும்போது எழுந்து போகிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. அப்போதுதான் ஒரு இசையமைப்பாளர் வசனத்தின் தொந்தரவு இல்லாமல் நம்மோடு பேசுகிறார். மாத்தளையில் ஹாட்வெயார் கடையில் ஆணியும் பைப்பும் விற்கிறவனுக்கு எதற்கு இந்த வயலின் பைத்தியம் என்று என் மனைவி கேட்பாள். "ஊரெல்லாம் பாட்டு கேக்கும். இவரு பாட்டு இல்லாத எடமாப் பாத்துக் கேப்பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சொல்வது உண்மைதான். ஒரு படத்தின் கதைகூட எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. ஆனால் ஒருவன் மழையில் வீடு திரும்பும் காட்சியின் இசை அப்படியே இருக்கிறது. செலோ தாழ்ந்த குரலில் ஆரம்பிக்கும். அதன் மேல் வயலின்கள் ஒவ்வொன்றாக ஏறி, எல்லாம் சேர்ந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும். அந்த நிசப்தத்தில் ஒற்றைப் புல்லாங்குழல் நுழையும். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவேன். மகள் அதைக் கேட்டே வளர்ந்தாள். சின்ன வயதில் அதைப் போட்டால்தான் சோற்றுக்கு வாயைத் திறப்பாள்.

பல வருடம் கழித்து அந்த மெட்டுக்கு வரிகள் எழுதிப் பாட்டாக வெளியிட்டார்கள். புல்லாங்குழல் நுழைய வேண்டிய இடத்தில் ஒருவர் பாட ஆரம்பித்தார். நீளமாக இழுத்த ஒரே சுரத்தை நறுக்கி, அதற்குள் மூன்று சொல்லை அடைத்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது வரியிலேயே நிறுத்தினேன். இனி அந்தப் பாட்டைக் காதால் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்துவிட்டேன்.

மகளுக்கு மாப்பிள்ளை இரத்தோட்டைப் பக்கம். அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டியவர். மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். வருடம் திரும்பித் தலைத்திவசம் முடியட்டும் என்று காத்திருந்துதான் நாள் வைத்தோம். மணவறைக்கு நடந்து வரும்போது என்ன இசை போடுவது என்று மகளிடம் கேட்டேன். "நம்ம மியூசிக்தாம்ப்பா. அது இல்லன்னா வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்த சவுண்ட் சர்விஸ்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, அது எழவு வீட்டுக்குப் போடுறதுங்களே."

தோட்டப் பக்கம் மரண வீட்டிலும் ஒலிபெருக்கி கட்டுவது வழக்கம். கல்யாணத்துக்கும் அதற்கும் வருகிறவர் ஒரே ஆள்தான். பாட்டுகளை மட்டும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பார். வார்த்தை இல்லாதவரை அந்த இசை இரண்டு பக்கமும் செல்லுபடியாயிற்று. பிறகு வரிகள் வந்தன; அவை முழுக்கப் போனவரை வழியனுப்புகிற வரிகள். அதோடு அது எழவுப் பக்கம் போய்விட்டது. டவுனிலேயே இருக்கிற எனக்கு இது தெரியாது. இரண்டாவது வரியோடு நிறுத்தாமல் மூன்றாவதையும் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"மாப்பிள்ளையோட அப்பாவுக்கும் நான்தான் செட் கட்டினேன். பெட்டிய தூக்குறப்ப இதத்தான் போட்டோம்" என்றார் அவர்.

மணப்பெண் அறைப் பக்கம் ஓடினேன். மகள் உள்ளே தலை அலங்காரத்தில் இருந்தாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. மனைவியிடம் சொன்னேன். "போய் மாப்பிள்ளையோட அம்மாகிட்டயே கேளுங்க" என்றாள். "கேக்காமப் போட்டுட்டு, அப்பறம் காலம் பூரா அவங்க மொகத்துல எப்படி முழிக்கிறது?"

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கணவரை இழந்தவர் என்பதால் சம்பந்தியம்மா யார் கூப்பிட்டும் முன்னால் வராமல், கதவோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் போய், திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மடியில் இருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

"வார்த்த வருமாண்ணே?"

"வராதுங்க. வெறும் மியூசிக்தான்."

"வார்த்த வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன். அந்தப் பாட்டு அவரக் கொண்டுபோன பாட்டு. மியூசிக்கு வேற. அது அவரு என் போன்ல வச்சுக் குடுத்தது. அவரு கூப்பிட்டா மட்டும் அடிக்கும். லொறி பாலத்துக்கிட்ட வந்ததும் கூப்பிடுவாரு, தேத்தண்ணிய வையின்னு." கைப்பையை ஒருமுறை தடவினார். "போடுங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம். என் போனைச் சவுண்ட்காரர் மெஷினில் மாட்ட வயர் பொருந்தவில்லை. அவர் தன்னிடமிருந்த பதிவு ஒன்றைத் தேடி எடுத்து, "இது வார்த்த இல்லாததுதாண்ணே" என்றார். இரண்டுக்கும் ஒரே பெயர், ஆரம்பமும் ஒன்றுதான். போட்டுப் பார்க்க நேரமில்லை. மகள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

செலோ ஆரம்பித்தது. மகள் நடந்து வருகிறாள். ஒரு தகப்பன் பார்க்க வேண்டிய காட்சி. நானோ ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வயலின்கள் ஏறின. உச்சிக்குப் போய் நின்றன. அந்த ஒரு கணத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன்.

புல்லாங்குழல் வந்தது.

விட்ட மூச்சில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தேன். சம்பந்தியம்மா கண் மகள் மீதுதான் இருந்தது. ஆனால் அவர் கை தன்பாட்டில் கைப்பைக்குள் போய் எதையோ துழாவிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அவருக்கே அது தெரிந்து, கையை வெளியே எடுத்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து புறப்படும்போது போனை என்னிடம் நீட்டினார்.

"புது போன்ணே இது. அந்த மியூசிக்க இதுல ஏத்திக் குடுங்க. மருமக கூப்பிட்டா அடிக்கட்டும்."