சத்தம் போடாத கொக்கி

வெர்லா நிஸ்கனென் எங்கள் அலுவலகத்துக்கு வருவதற்கு முன் மார்க்வெட் மருத்துவமனைச் சமையலறையில் நோயாளிகளின் உணவுப் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். கணினியை அங்கேயே, ஓய்வு நேரத்தில், தானாகக் கற்றாள். நாங்கள் சுரங்கங்களுக்கு நீரேற்றும் பம்புகளின் கையேடு எழுதுகிறவர்கள். முதல் வாரத்திலேயே என் ஒன்பது வருட வேலையை அவள் இல்லாமல் ஆக்கிவிட்டாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று பேருடைய கோப்புகளையும் ஒரு சேமிப்புக் குச்சியில் ஏற்றி, உதிரிபாக அறையில் இருக்கும் பழைய கணினியில் இறக்குவது என் பொறுப்பு. ஒருநாள்கூடத் தவறியதில்லை. நாங்கள் ஏற்கெனவே கிட் என்ற மென்பொருளில்தான் எழுதினோம். திருத்தம் ஒவ்வொன்றும் அதில் பதிவாகும். வெர்லா அதற்குள் ஒரு சிறு கட்டளைக் கோப்பு எழுதி வைத்தாள். அதற்குக் கொக்கி என்று பெயர். ஒரு திருத்தத்தைப் பதிந்ததும் கொக்கி தானாக ஓடி, அதை உதிரிபாக அறைக் கணினிக்கு அனுப்பிவிடும்.

"ஒண்ணுமே காட்டலையே, போச்சா?" என்றார் மேலாளர் டுவெய்ன்.

"சத்தம் போடலைன்னா சரியா நடக்குதுன்னு அர்த்தம். கத்தினா மட்டும் என்னைக் கூப்பிடுங்க."

டுவெய்ன் சிரித்தார். "ஆர்டன், இனி வெள்ளிக்கிழமை சீக்கிரமே வீட்டுக்குப் போய் சானாவுல நீராவி புடிச்சுக்கிட்டு உக்காருப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

"உங்க கணினியிலயும் வெச்சுத் தரட்டுமா?" என்று வெர்லா கேட்டாள்.

"என்னோடதை நானே பாத்துக்கறேன்."

அப்போது டுவெய்ன் மூத்த எழுத்தாளரைத் தேடிக்கொண்டிருந்தார். புது பம்பின் கையேடு என் கையில் இருந்தது. அது மார்ச்சில் ஒழுங்காக முடிந்தால் அந்த இடம் எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். இனியும் குச்சியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கேலிதான் மிஞ்சும். அவளிடம் கேட்கவும் மனம் வரவில்லை. அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது, அலுவலகப் பொதுக் கணினியில் கொக்கியோடு இருந்த அவளது கோப்புறையை கிட் வழியாகவே என் கணினிக்குப் படியெடுத்தேன். கொக்கியும் கூடவே வந்துவிட்டது என்று நினைத்து, என் அத்தியாயங்களை அதற்குள் போட்டு எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு முறை பதிந்தபோதும் சத்தமில்லை. சரியாக நடக்கிறது என்று பொருள். குச்சியை மேசை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

ஏழு வாரம் கழித்து, பதினொன்றாம் அத்தியாயத்தில் என் கணினியின் வட்டு செத்தது. பயமே இல்லாமல் உதிரிபாக அறைக்குப் போனேன். அங்கே என் கோப்புகளின் கடைசித் தேதி ஜனவரி ஒன்பது. நான் கடைசியாகக் குச்சியோடு வந்த வெள்ளிக்கிழமை.

வெர்லா இறைச்சி அடைத்த பாஸ்டியைக் கடித்தபடி உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"என் கோப்புறையைப் படியெடுத்தீங்களா?"

தலையாட்டினேன்.

"படியெடுத்தா எழுத்தெல்லாம் வரும் ஆர்டன், கொக்கி மட்டும் கூட வராது. வெச்ச இடத்துலயேதான் கெடக்கும். மருத்துவமனையில எனக்கும் இப்படித்தான். ஒரு மாசத்துப் பட்டியல் போச்சு."

"அப்புறம்?"

"என்ன அப்புறம்? சமையல்காரங்ககிட்ட போய், போச்சுன்னு சொன்னேன். திட்டினாங்க. மறுபடி தட்டச்சு பண்ணேன்."

அதைக் கேட்டதும்தான் அவள்மேல் உண்மையான பொறாமை வந்தது. கொக்கி எழுதும் கை எனக்கும் என்றாவது வாய்க்கலாம். இவ்வளவு எளிதாகப் 'போச்சு' என்று சொல்லும் வாய் எனக்கு வாய்த்ததே இல்லை. மூன்று நாள் டுவெய்னிடம் கணினியைப் பழுது பார்க்கிறார்கள் என்றே சொல்லிவந்தேன். நான்காம் நாள் உண்மையைச் சொன்னேன். வெர்லா நான்கு அத்தியாயங்களைத் திரும்ப எழுத எடுத்துக்கொண்டாள். கையேடு இரண்டு வாரம் தாமதமாகப் போனது.

மூத்த எழுத்தாளர் இடம் அவளுக்குக் கிடைத்தது. முதல் நாளே என் மேசைக்கு வந்து, "இப்பவாவது வெக்கலாமா?" என்றாள். நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். ஆறே வரி. முடித்ததும் ஒரு திருத்தம் பதியச் சொன்னாள். பதிந்தேன். சத்தமில்லை.

அவள் எழுந்து போனதும், உதிரிபாக அறைக்குப் போய்த் தேதியைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னமும் தினமும் பார்க்கிறேன். இதுவரை ஒருநாள்கூட அவள் கொக்கி தவறவில்லை.