அப்பா மாற்றிச் சொன்ன வார்த்தை

எனக்குப் பதினைந்து வயதாகும் வரை, என்னைப் பற்றிய கூட்டம் நடக்கும்போது நான் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். ஜாதவ்பூர் பக்கம் இருந்த அந்தச் சிறப்புப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷத்துக்கு ஒரு கூட்டம் உண்டு. அந்த வருஷம் அந்தப் பிள்ளை என்ன படிக்க வேண்டும், என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்பதைப் பெரியவர்கள் கூடி முடிவு செய்வார்கள். தலைமை ஆசிரியை, பிசியோதெரபி டாக்டர், அம்மா, அப்பா எல்லோரும் உள்ளே இருப்பார்கள். அவர்களுக்கு டீ போகும். கண்ணாடிக் கதவு வழியாக வாய்கள் அசைவது மட்டும் எனக்குத் தெரியும். பள்ளி ஆயா, எல்லோரும் மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிறவள், என் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயோரம் வழிவதைத் துடைத்துவிடுவாள்.

பிறந்த நேரத்தில் மூச்சு திணறியதில் என் கைகால்கள் விறைத்துப்போய்விட்டன. பேச்சு வரும், ஆனால் இழுத்து இழுத்து வரும். பழகியவர்களுக்குப் புரியும். புதியவர்கள் பாதியிலேயே அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். புத்தி நன்றாகத்தான் வேலை செய்தது. அதை ஒவ்வொரு வருஷமும் யாருக்காவது நிரூபிக்க வேண்டியிருந்தது.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் மத்திய அரசு வேலை. தூத்துக்குடியிலிருந்து வங்காளத்துக்கு மாற்றலாகி வந்தபோது நான் கைக்குழந்தை. டாக்குரியாவில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். காலையில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கி வேனில் ஏற்றிவிட்டுத்தான் ஆபீஸ் போவார். சாயங்காலம் நல்லெண்ணெயைச் சூடுபண்ணி என் கால்களை நீவிவிடுவார். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் என்னைப் பார்க்கும் முன்பே அவரிடம் கேட்பார்கள்: "பிள்ள நடக்காளா?" அப்பா சிரித்துக்கொண்டே, "அடுத்த வருசம் நடந்திருவா" என்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த அடுத்த வருஷம் வந்தபடியே இருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்புப் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது புதிதாக ஓர் ஆசிரியை வந்தாள். சின்ன வயது. அக்கா என்ற பொருளில் நாங்கள் தீதி என்று கூப்பிட்டோம். கூட்டத்துக்குச் சில வாரங்கள் முன்னால், மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் என்னிடம் வந்து வங்காளியில் கேட்டாள்.

"உன் கூட்டத்துல என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீ உள்ள வந்தா என்ன சொல்லுவ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் இல்லாத கேள்வியைக் கேட்டு என்னை மடக்குகிறாள் என்று நினைத்தேன். வேண்டியது என்ன என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. பசிக்கிறதா, குளிர்கிறதா, வலிக்கிறதா என்று கேட்பார்கள். ஆமாம் இல்லை என்று தலையாட்டினால் போதும். அன்றைக்கு அப்படியே வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் யோசித்த பிறகுதான் சொல்ல வந்தது.

என்னைத் தொழிற்பிரிவில் போட்டுக் காகித உறை ஒட்டவும் மணி கோக்கவும் வைக்கப்போகிறார்கள் என்று ஆயாக்கள் பேசிக்கொண்டார்கள். அது வேண்டாம். உதவிக்கு எழுதுகிறவரை வைத்துக்கொண்டு நான் பத்தாவது பரீட்சை எழுத வேண்டும். இன்னொன்று, காலை முழுவதும் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் என்னை நடக்கவைத்தார்கள். அது முடிந்தால் புத்தகத்தின் மேல் தலை நிற்காது. பள்ளியில் எனக்குச் சக்கர நாற்காலி வேண்டும்.

தீதி உடனே பாராட்டவில்லை. "உங்க வீடு இரண்டாம் மாடி. அங்க நாற்காலியை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவன்னு அப்பா கேப்பாரே?" என்றாள். அதற்கு விடை தேட எனக்கு இன்னும் சில நாட்கள் ஆயின. பள்ளியில் மட்டும் நாற்காலி, வீட்டில் எப்போதும்போல, என்றேன். பிறகு தினமும் காலி வகுப்பறையில் ஒத்திகை. மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கிவிட்டுத் தீதியே தலைமை ஆசிரியையாக நடிப்பாள். நான் சொல்லும்போது குறுக்கே பேசுவாள், கைப்பேசியைப் பார்ப்பாள். நிஜத்தில் அப்படித்தான் நடக்கும், பழகிக்கொள் என்பாள். நாங்கள் நிறையச் சிரித்தோம்.

கூட்டத்தன்று முதல்முறையாக அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போனேன். தீதி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். புரியாத இடத்தில் மட்டும் தீதி திருப்பிச் சொன்னாள். பிசியோ டாக்டர், நான் பேசும்போதும் தீதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். தலைமை ஆசிரியை எழுதிக்கொண்டார். அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி இருந்தாள்.

அப்போது அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார். நாற்காலிக்கு அவசியம் இருக்காது, குளிர்காலத்தில் காலில் ஆபரேஷன் செய்ய ஒரு பெரிய டாக்டரிடம் பேசி முடித்துவிட்டேன், இறுகிப்போன தசைநார்களை வெட்டி நீளமாக்குவார்கள், பிறகு அவள் நடப்பாள் என்றார்.

எனக்கு அது தெரியாது. தீதிக்கும் தெரியாது. நாங்கள் ஒத்திகை பார்த்ததில் அது இல்லை.

அதிர்ச்சி வந்தால் என் தாடை இறுகிவிடும். வங்காளி எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பாவைப் பார்த்துத் தமிழில்தான் வந்தது.

"அப்பா, வேண்டாம். நான் இப்ப கம்பியப் பிடிச்சு நிக்கேன்லா. அது போயிரும். எனக்கு வேண்டாம்."

வீட்டுக் குளியலறையில் ஒரு கம்பி பொருத்தியிருந்தார்கள். அதைப் பிடித்து எழுந்து நின்று என் வேலையை நானே முடித்துக்கொள்வேன். கதவைச் சாத்திக்கொள்வேன். நாள் முழுவதும் யாரோ ஒருவர் கையிலேயே இருக்கிற எனக்கு, அந்த நேரம் ஒன்றுதான் தனியாக இருந்தது.

அறையில் அம்மா அப்பாவைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. தலைமை ஆசிரியை அப்பாவிடம், "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்க்காமல், "பயமாக இருக்கிறதாம்" என்றார்.

நான் இல்லை என்று சொல்லப் பார்த்தேன். சத்தம் மட்டும் வந்தது. அது அழுகை மாதிரிதான் கேட்டிருக்கும். பிசியோ டாக்டர் எழுந்து வந்து என் தலையைத் தடவினார். "பயப்படக் கூடாது ஷோனா, என் தங்கம், தூங்கி எழுந்தால் முடிந்துவிடும்" என்றார். தலைமை ஆசிரியை, இவ்வளவு அழகாகப் பேசிய பெண்ணுக்கு எல்லோரும் கைதட்டுவோம் என்றார். தட்டினார்கள். தீதி தட்டவில்லை. "அவ வேற எதையோ சொல்ல வர்றா" என்றாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் அவள் நிறுத்திக்கொண்டாள்.

ஆபரேஷன் நடந்தது. இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. நடுவில் ஒரு குச்சியை வைத்துக் கால்களை அகட்டிக் கட்டியிருந்தார்கள். இரவும் பகலும் தசைகள் கட்டுக்குள்ளேயே துடித்து இழுத்தன. நான் கத்தினால் கீழ்வீட்டு வங்காளிப் பெண்மணி படியேறி வந்து கதவருகில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். அப்பா லீவு போட்டு என் தலைமாட்டிலேயே இருந்தார். கால்கள் கட்டுக்குள் இருந்ததால் கையை நீவிவிட்டார். நான் கையை இழுத்துக்கொள்ள முயன்றேன். அதற்கும் வலு இல்லை.

கட்டைப் பிரித்தபோது கால்கள் குச்சியாக இருந்தன. இறுக்கம் போயிருந்தது. அதோடு, என்னை நிற்கவைத்திருந்ததும் போயிருந்தது. எனக்கு அந்த விறைப்புதான் பலமாக இருந்திருக்கிறது. கம்பியைப் பிடித்து எழுந்தால் முழங்கால் மடங்கியது. சில பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டு, பயிற்சி செய்தால் திரும்பி வரும் என்றார் டாக்டர். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு குளியலறைக்குள் அம்மா கூடவே வந்தாள். கதவு திறந்தே இருந்தது.

மறுபடி பள்ளிக்குப் போனபோது தீதி என் வகுப்பில் இல்லை. பெற்றோருக்கு எதிராகப் பேசப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று அப்பா புகார் சொல்லியிருந்தார். அவளைச் சின்னக் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். ஒருநாள் வராந்தாவில் என்னைப் பார்த்து நின்றாள். என் கால்களைப் பார்த்தாள். குனிந்து என் நெற்றியில் கை வைத்துவிட்டுப் போனாள். துர்கா பூஜை விடுமுறைக்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. எங்கே போனாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அப்பா வரவில்லை. ஆபீஸில் ஆடிட் என்றார். அம்மா மட்டும் வந்தாள். இந்த முறை என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பேசும் பெண் என்று எனக்குப் பெயர் வந்திருந்தது. தலைமை ஆசிரியை, "சொல்லு, இந்த வருஷம் உனக்கு என்ன வேணும்?" என்று சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தது. அவர் காத்திருந்தார். பிறகு தொழிற்பிரிவு என்று ஏதோ ஆரம்பித்தார்.

அம்மா மார்க்கெட்டில் மீன்காரர்களிடமும் காய்கறிக்காரர்களிடமும் பேசும் வங்காளி மட்டும்தான் அறிந்தவள். அந்த வங்காளியில் பேசினாள்.

"போன வருசம் இவ பயம்னு சொல்லல. வேண்டாம்னு சொன்னா. நிக்கிறது போயிரும்னு சொன்னா. நான் கேட்டேன். அவங்கப்பா மாத்திச் சொன்னாரு. நான் சும்மா இருந்துட்டேன்."

யாரும் டீயைத் தொடவில்லை.

"பரீட்சை எழுதணும்னும் சொன்னா. அதையாவது செய்யுங்க."

பள்ளிக்கு ஒரு சக்கர நாற்காலி வந்தது. கம்பி நடை நின்றது. தாமதமாகத்தான் என்றாலும் பத்தாவது எழுதினேன், பிறகு பன்னிரண்டாவது. கூட்டத்தில் சொன்னதை அம்மா வீட்டில் அப்பாவிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. அவர் எண்ணெய் நீவுவதை நிறுத்திவிட்டார். ஊர்ப் பயணமும் நின்றது. யாராவது ஃபோனில் விசாரித்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய்விடுவார். ஓய்வு பெற்ற பிறகு தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து எங்களைக் குடிவைத்தார். வாசலில் தன் கையாலேயே சிமெண்ட் குழைத்துச் சரிவு போட்டார். அந்த ஆபரேஷனைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இப்போது வேறொரு பள்ளியில் வாரத்தில் சில நாட்கள் வேலை செய்கிறேன். தீதி எனக்குச் செய்ததைத்தான் செய்கிறேன். கூட்டத்துக்கு முன் பிள்ளைகளோடு உட்கார்ந்து, என்ன வேண்டும், எப்படிச் சொல்வது என்று பழக்குகிறேன். பேசப் பழக்குவது ஓரளவு முடிகிறது. பெரியவர்கள் பதில் சொல்லும்வரை விடாமல் அங்கேயே இருக்கப் பிள்ளைகளைப் பழக்குவது எனக்கு இன்னும் கைவரவில்லை.

போன வருஷம் ஒரு சிறுமி இருந்தாள். பேச்சே கிடையாது. படங்கள் ஒட்டிய பலகையில் விரல் வைத்துப் பேசுவாள். அவளை வெளியூர் விடுதிக்கு அனுப்பப் பேச்சு நடந்தது. கூட்டத்தில் விடுதியின் படத்தைத் தொட்டு, பிறகு 'வேண்டாம்' என்பதைத் தொட்டாள். நான் அவள் காட்டியதை அப்படியே சொன்னேன், ஒரு எழுத்து மாற்றவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. பார்க்கலாம் என்றார்கள். பூஜை முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள்.

ஏன் என்று கேட்டேன். அவள் அம்மாவுக்கு மோசமான நோய், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார்கள். காரணம் நிஜம்தான். அதை அவளிடம் யாராவது சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னால் புரியுமா என்று திருப்பிக் கேட்டார்கள்.

விடுதிக்காரர்களிடம் கெஞ்சி ஒரு வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்தேன். பலகையை மடியில் வைத்துக்கொண்டு திரையில் வந்தாள். முடியைக் கத்தரித்திருந்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் அனுப்பினார்கள், நீ ஒரு தப்பும் பண்ணவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். என் பேச்சு அவளுக்கு எப்போதும் புரியும். வெகுநேரம் அழுதாள். பிறகு பலகையில் அம்மாவின் படத்தைத் தொட்டாள். வீட்டைத் தொட்டாள். கடைசியில் கடிகாரத்தின் மேல் விரலை வைத்து எடுக்காமல் இருந்தாள்.

எப்போது என்று கேட்கிறாள். தெரியவில்லை என்று சொன்னேன்.