நான்கு மூச்சு

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். ஏழு வருடமாக அந்தத் தீவு விடுதியில் விருந்தாளிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருகிறாள். இன்றுவரை ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. காரணம், அவள் விடாப்பிடியாக வைத்திருக்கும் ஒரு பழக்கம். படகிலிருந்து குதிக்கும் முன் ஒவ்வொருவரும் காற்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே முதுகுச் சிலிண்டரிலிருந்து நான்கு மூச்சு இழுத்துக் காட்ட வேண்டும். முள் அசையாவிட்டால் சிலிண்டரின் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறது. ஆடினால் இல்லை.

அந்த வாரம் வந்த பன்னிரண்டு பேரும் ஒரே அலுவலகம், ஒரே நிறச் சட்டை. முதுகில் ‘கடல் சிங்கங்கள்’ என்று அச்சு. படகு நகர்ந்ததுமே சிங்கங்களில் பாதிக்குக் குமட்டல். மீதிப் பாதி பவளப்பாறை மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் ரகம். அவர்களின் தலைவர் ஐம்பது முறை முங்கியவராம். அதை நூறு முறை சொல்லியிருப்பார்.

முதல் நாளே அவர் மேனேஜரிடம் வத்தி வைத்துவிட்டார்: இவள் மூச்சு எண்ண வைத்தே பொழுதைக் கழிக்கிறாளாம். மேனேஜரோ விருந்தாளி தும்முவதற்கு முன்பே கைக்குட்டை நீட்டுகிற ஆள்.

“இன்னொரு புகார் வந்தா நீ சலவை அறைக்குப் போயிடும்மா. கடல் பக்கமே வர வேண்டாம்.”

மறுநாள் படகில் தலைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“என்ன தங்கச்சி, இன்னிக்கும் மூச்சா? நாங்க என்ன பிரசவத்துக்கா வந்திருக்கோம்?”

சிங்கங்கள் விழுந்து விழுந்து சிரித்தன. சின்னவளுக்குச் சலவை அறையின் சோப்பு நெடி மூக்கில் ஏறியது. பேசாமல் குதிக்கச் சொன்னால் வேலை தங்கும்.

“நாலே மூச்சு சார். நீங்க சிரிச்சு முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்” என்றாள்.

முனகிக்கொண்டே இழுத்தார்கள். கடைசியாக, கூடவே வந்திருந்த தலைவரின் மனைவி. அவர் மூச்சு இழுத்ததும் முள் பூஜ்யம் வரை சரிந்தது, விட்டதும் மேலே ஏறியது.

“காலையில நான்தாம்மா இதைத் திறந்து வச்சேன். அப்புறம் யார் தொட்டாங்க?”

“இவர்தான். சரி பண்றேன்னு திருகினாரு.”

“முழுசாத் திறந்துட்டு லேசாப் பின்னால திருப்பணும். அனுபவம் இருக்கறவங்களுக்குத் தெரியும்” என்றார் தலைவர்.

“நீங்க முழுசா மூடிட்டு லேசாத் திறந்திருக்கீங்க சார். இங்க மூச்சு வரும். ஆழத்துக்குப் போனா வராது.”

சின்னவள் வால்வை முழுதாகத் திறந்துவிட்டாள். மனைவி கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“வீட்டுல கேஸ் சிலிண்டர் மாத்தறதுக்கே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுற மனுஷன்.”

இதற்குப் பிறகாவது வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று நினைத்தால், அது அவரைத் தெரியாதவர்கள் நினைப்பது. சாயங்காலம் புகார்ப் புத்தகத்தில் எழுதினார்: ‘இன்றும் அரை மணி நேரம் வீண்.’ மனைவி பேனாவைப் பிடுங்கி அதன் கீழேயே எழுதினார்: ‘இவர் மூடிய வால்வைக் கண்டுபிடித்த நேரம் அது. நாளைக்கும் இந்தப் பெண்தான் வர வேண்டும்.’

மேனேஜர் இரண்டையும் படித்தார். கைக்குட்டையை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரிந்துவிட்டது. சலவை அறைப் பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் படகில் மீட்டரை முதலில் கையில் எடுத்தவர் தலைவர். கடலைப் பார்த்தபடி நான்கு மூச்சு இழுத்தார்.

“மறுபடியும் சார்” என்றாள் சின்னவள். “நீங்க முள்ளைப் பாக்கல.”