இரண்டாந்தரம் போகக்கூடாத வீடுகள்

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிற ஹீற் பம்பைத் தொடக்கிவைப்பது ஒரு மணித்தியால வேலை. அது சரியாகத்தான் ஓடுகிறது என்று வீட்டுக்காரரை நம்பவைப்பதற்குத்தான் மிச்ச நாள் முழுவதும் போகும். வீடு வீடாகப் போய் எதையாவது பூட்டி, திருத்தி, விளங்கப்படுத்திப் பிழைப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு நான் மேலும் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவள். கொலிஜில் இந்த இயந்திரப் படிப்பை எடுத்ததற்கு முதற்காரணமே, இயந்திரங்கள் திருப்பிக் கதைக்காது என்பதுதான். படித்து முடித்ததும் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கொம்பனியில் வேலை கிடைத்தது. முதலாளி வரதன் அண்ணை என்னைக் கந்தோரில் ரெலிபோனுக்கு முன்னால் இருத்தினார். "பொம்பிளைப் பிள்ளையின்ர குரலைக் கேட்டால் சனம் கோபிக்காது" என்றார். சனம் நன்றாகவே கோபித்தது. ரெலிபோனில் கழித்த மணித்தியாலங்கள் லைசென்ஸ் எடுப்பதற்கான கணக்கில் சேராது என்று நான் ஆறு மாதம் முனகியபின், ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்னை வெளியே அனுப்பிப் பார்க்கச் சம்மதித்தார். கொம்பனியின் பழைய தொழிலாளி றிஸ்வி நானா போய் இயந்திரத்தைப் பொருத்திப் பூட்டுவார். அடுத்த நாள் நான் போய்த் தொடக்கி, சரிபார்த்து, பாவிக்கிற விதத்தைச் சொல்லிக்கொடுக்கவேண்டும். நிபந்தனை ஒன்றுதான். நான் தொடக்கிவைத்த வீட்டுக்கு இரண்டாந்தரம் போகவேண்டி வந்தால் அது ஒரு புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் மறுபடியும் ரெலிபோன்.

பத்துப் பன்னிரண்டு

மோர்னிங்சைட்டில் ஒரு அங்கிள், கலண்டர் தாளைக் கையில் பிடித்தபடி கதவைத் திறந்தார். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதால் சரியாகப் பத்துப் பன்னிரண்டுக்குத் தொடக்கவேண்டும். இயந்திரத்தின் ஒரு பாதி வீட்டுக்கு வெளியே நிற்கும், அந்த வெளிப்பெட்டியின் நெற்றியில் ஏற்கெனவே சந்தனம் இருந்தது. எது நெற்றி என்று அவரே தீர்மானித்திருந்தார். நான் உள்ளே கை வைத்துப் பார்த்தேன். கொம்பிரெசர் ஐஸ்போலக் கிடந்தது. அதன் அடியில் உள்ள சின்ன ஹீற்றர் எண்ணெயைச் சூடாக்கவேண்டும். அதற்காக முதல் நாளே கரண்ட் கொடுத்துவைப்போம். எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது தொடக்கினால் கொம்பிரெசருக்குச் சேதம். நானா பிரேக்கரைப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார். நானாவின் வாகனம் தெருமுனை திரும்பியதும் அங்கிள் அதை நிறுத்திவிட்டார். "ஓடாத சாமானுக்கு என்னத்துக்குக் கரண்ட்?" என்று என்னிடம் நியாயமும் கேட்டார்.

நாளைக்குத்தான் தொடக்கலாம் என்று என்னால் முடிந்த உரத்த குரலில் சொன்னேன். என் உரத்த குரலை மற்றவர்கள் குசுகுசுப்பு என்பார்கள். "சும்மா ஒருக்கா உறும விட்டிட்டு நிப்பாட்டேலாதோ?" என்றார். ஏலாது. பத்துப் பன்னிரண்டு வந்தது, போனது. அங்கிள் அந்த இடத்திலிருந்தே வரதன் அண்ணைக்குப் போன் அடித்தார். வரதன் அண்ணை போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "திரும்பப் போகவேணுமல்லோ? ஒண்டு" என்றார். மறுநாள் எந்த நேரமும் பார்க்காமல் தொடக்கினேன். அது எந்தக் குறையுமில்லாமல் ஓடியது. அங்கிளுக்குத்தான் மனக்குறை.

"உங்கட மிசினும் நேரம் பாக்குமெண்டு முதலே சொல்லியிருந்தால், ரெண்டையும் வைச்சுப் பொருத்தம் பாத்திருப்பனே, பிள்ளை."

சொல் என்னுடையது

ஒரு வீட்டில் றிஸ்வி நானா ஏதோ மிச்ச வேலைக்காக நின்றார். வீட்டுக்காரருக்கு நான் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். கடும் குளிரில் வெளிப்பெட்டியில் பனி படியும். அதை உருக்குவதற்காக இயந்திரம் சில நிமிடம் மறுபக்கமாக ஓடும். அப்போது புகைபோல ஆவி கிளம்பும். நெருப்பு என்று நினைத்துப் பயப்படவேண்டாம். அவர் நன்றாகத் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடிந்ததும் திரும்பி, "அண்ணை, புகை வருமாம். உண்மையோ?" என்று நானாவிடம் கேட்டார்.

நானா குழாய் பொருத்துவதில் மன்னன். மற்றதெல்லாம் என் துறை என்று விட்டுவிட்டவர். என்னைப் பார்த்தார். நான் மறுபடி மெல்லச் சொன்னேன். நானா அதையே ஏணியின் மேல் நின்று பெரிதாகச் சொன்னார். வீட்டுக்காரர் உடனே போனை எடுத்துக் குறித்துக்கொண்டார். இப்படி நான்கு கேள்வி. நான்குக்கும் நான் பதில் சொல்ல, நானா ஒலிபரப்பினார். வாகனத்தில் திரும்பும்போது நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமலிருப்பதற்குக் கூச்சத்தைத் தவிர வேறு காரணமும் இருக்கக்கூடும் என்று நானாவுக்கு அன்றைக்குத்தான் பட்டிருக்கவேண்டும்.

"புள்ள, நீங்க சென்னதத்தான் நானும் சென்ன. சத்தம் மட்டுந்தான் என்ட."

ஓய்வு

பிறம்ரனில் ட்ரக் ஓடுகிற ஒரு அண்ணை. தொடக்கிவைத்து ஒரு கிழமையில் முறைப்பாடு: வீடு சூடாகுதில்லை, மிசின் பேய்ச் சத்தம் போடுது. வரதன் அண்ணை "ரெண்டு" என்றார். போய்ப் பார்த்தால் இயந்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்ற்றாற்றில் உள்ள பதிவைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் இரண்டு மணித்தியாலம், யாரோ நிறுத்திவைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்டேன். அண்ணை பெருமையோடு கையை உயர்த்தினார்.

"விடாமல் ஓடுது, தங்கச்சி. எனக்கே இவ்வளவு மணித்தியாலத்துக்கு மேல ஓடக்கூடாதெண்டு சட்டம். உதும் ஒரு எஞ்சின்தானே? ஆறவிடவேணும்."

இது இரண்டு கட்டமாக ஓடுகிற இயந்திரம் என்று விளங்கப்படுத்தினேன். முதல் கட்டத்தில் மெதுவாக, சத்தமில்லாமல், நாள் முழுவதும் ஓடும். அதுதான் அதற்கு ஓய்வு. நிறுத்திவைத்து வீடு குளிர்ந்தபின் போட்டால் இரண்டாம் கட்டத்துக்குத் தாவி முழுப் பலத்தோடு இரையும். அதுவும் போதாமல் உள்ளே இருக்கிற ஹீற்றரும் சேர்ந்து எரியும். ஹைவேயில் ஒரே வேகத்தில் போவதற்கும், ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று மிதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆக நீளமான உவமை அதுதான். அண்ணைக்கு உவமை பிடித்துக்கொண்டது.

"சரி, ஓடட்டும். ஆனா நித்திரை தூங்கி எங்கையாவது கொண்டுபோய் அடிச்சுதெண்டால் நான் பொறுப்பில்லை."

புன்னகை

மூன்றாவது அழைப்பு தை மாதக் கடைசியில் வந்தது. மார்க்கம் றோட்டுப் பக்கம், ஒரு அன்ரியின் வீடு. வீட்டுக்குள் பதினேழு பாகைக் குளிர். வெளிப்பெட்டி அனுங்கிவிட்டு நின்றுபோகிறதாம். "நானும் வாறன்" என்றார் வரதன் அண்ணை. வழியில் அவர் என்னைத் திட்டவில்லை. ரெலிபோன் மேசைக்குப் புதுக் கதிரை வாங்கியிருப்பதாக மட்டும் சொன்னார். அந்த இருபது நிமிடப் பயணத்தில், அந்த வீட்டில் நான் எடுத்த ஒவ்வொரு அளவையும் மனதுக்குள் மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் வந்தன. ஆனால் மூன்று என்றால் மூன்று.

பின்வளவில் வெளிப்பெட்டியைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் வரதன் அண்ணை நின்று புன்னகைத்தார். நீலத் துணி உறை. முன்பக்கத்தில் அவருடைய படம், கீழே ரெலிபோன் இலக்கம். இந்த நகரத்தில் வீடு விற்பவர் முதல் பல்லுப் பிடுங்குபவர் வரை எங்கள் ஆட்கள் முகத்தைப் போட்டுத்தான் தொழில் செய்கிறார்கள், அண்ணையும் போட்டிருந்தார். ஏசிகளை மூடுவதற்கென்று அச்சடித்து மிஞ்சிய உறைகளை, எனக்குத் தெரியாமல், ஹீற் பம்ப் பூட்டிய வீடுகளுக்கு அன்பளிப்பாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஏசி குளிர்காலத்தில் ஓடாது, மூடலாம். ஹீற் பம்ப் குளிர்காலத்தில்தான் ஓடவேண்டும். நான் உறையைத் தூக்கினேன். காற்றுப் போக வழியில்லாமல் பெட்டி பனிக்கட்டியாகிக் கிடந்தது.

அண்ணை தன் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மூடக்கூடாதெண்டு நீ சொல்லேல்லையோ?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அன்ரி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருந்த தாளைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். தொடக்கிவைத்த அன்று நான் எழுதிக் கொடுத்தது. ‘எதனாலும் மூடக்கூடாது’ என்று இரண்டு கோடு இழுத்திருந்தேன்.

"பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னவதான், தம்பி. ஆனா துணியில உங்கட படமெல்லோ கிடக்குது. முதலாளியே மூடச் சொல்லேக்க, சின்னப் பிள்ளை சொல்லுறதை ஆர் கேக்கிறது?"

இப்போது நான் கிழமையில் நான்கு நாள் புது வீடுகளில் ஹீற் பம்ப் தொடக்கிவைக்கிறேன். ஐந்தாம் நாள் பழைய வீடுகளுக்கு இரண்டாந்தரம் போய் முதலாளியின் முகத்தைக் கழற்றி மடித்துக்கொண்டு வருகிறேன், அதற்கு மட்டும் புள்ளி கிடையாதாம்.