பித்தளைப் பூவாளி

அரசாங்கக் கச்சேரி அலுவலக உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், ஊர் திரும்பும் வெள்ளைக்காரத் துரைமாரின் பழைய தோட்டக் கருவிகளை ஏலத்தில் எடுத்துச் சேர்த்தேன். எண்ணெய் பூசிச் சுவரில் மாட்டுவேன். செடிக்கு நீர் தெளிக்கும் பித்தளைப் பூவாளி ஒன்றும் அவற்றில் இருந்தது. அரசாங்கச் சொத்தைக்கூட அவ்வளவு பத்திரமாகப் பார்த்ததில்லை.

ஒருநாள், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று அழைக்கும் அடுத்த வளவு கதீஜா வேலியருகே வந்தாள். கணவனை இழந்தவள், கற்பிட்டி மணலில் போடும் புகையிலைதான் அவள் பிள்ளைகளுக்குச் சோறு.

"நானா, அந்தப் பூவாளியத் தாங்க. வாளியால ஊத்தினா கன்டெல்லாம் சாயுது. இதுவும் செத்தா இந்த வருசம் பயிரில்ல."

"அது பார்க்கிற சாமான், தங்கச்சி."

"பாக்கிறதுக்குத்தான் கடல் இருக்கே!"

இதை மறுக்க எந்த விதியும் கிடைக்கவில்லை. பூவாளி நெளியாமல் கண்காணிக்க நானும் போனேன். முதல் பாத்திக்கு நானே ஊற்றினேன். தண்ணீர் தூறலாக விழுந்தது. ஒரு கன்றும் சாயவில்லை. கடைசிப் பாத்திவரை அதை அவளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் கஞ்சத்தனமல்ல.